கரு மூளையில் நெட்ரினும் டிசிசியும்: ஆன்டிபாடி ஸ்டெயினிங் செய்யப்போகிறவர்களுக்கு

கரு மூளையில் ஆக்சான்களுக்கு (நரம்பு செல்லின் நீண்ட இழைகளுக்கு) வழிகாட்டும் நெட்ரின் போன்ற புரதங்களை ஆன்டிபாடி போட்டுப் பார்ப்பதுதான் உங்கள் எம்.எஸ்சி. புராஜெக்ட் என்றால், வைவாவில் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். "பச்சையாகத் தெரிகிறதே, அது நெட்ரின்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" இதற்குப் பதில் இருந்தால் மற்ற கேள்விகளைச் சமாளித்துவிடலாம். ஸ்டெயினிங்கை முடித்துவிட்டு அந்தப் பதிலைத் தேடினால் கிடைக்காது. ஆன்டிபாடிக்கு ஆர்டர் போடும்போதே அது கையில் இருக்க வேண்டும்.

முதலில் விலங்கு. செலவு குறைவு என்பதால் பலர் கோழிக் கருவுக்குப் போகிறார்கள். (கடை முட்டை உதவாது, அது கருவுறாதது. பொரிப்பகத்தில்தான் கேட்டு வாங்க வேண்டும்.) நெட்ரினுக்கு அது நல்ல தேர்வுதான், 1994இல் நெட்ரின்கள் பிரித்தெடுக்கப்பட்டதே கோழிக் கரு மூளைகளிலிருந்து. ஆனால் நெட்ரினின் ரிசெப்டரான டிசிசியைக் கோழியில் தேடாதீர்கள். கோழியின் ஜீனோமில் டிசிசி ஜீனே இல்லை. பறவைகளின் பரிணாமத்தில் சில கிளைகள் அதைத் தொலைத்துவிட்டன. அந்த இடத்தை அதன் உறவான நியோஜெனின் நிரப்புவதாகத் தெரிகிறது. கோழி ஸ்லைடில் டிசிசி ஆன்டிபாடி பளிச்சென்று ஒளிர்ந்தால் அது நியோஜெனினாக இருக்கலாம், வெறும் ஒட்டலாகவும் இருக்கலாம். டிசிசியாக மட்டும் இருக்க வழியில்லை.

டிசிசி வேண்டுமென்றால் சுண்டெலிதான். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பிளக் (இணை சேர்ந்ததைக் காட்டும் அடைப்பு) தெரிந்த நாளின் நண்பகலை 0.5 என்று வைத்து எண்ணினால், பின்மூளையிலும் தண்டுவடத்திலும் குறுக்கே கடக்கும் கமிஷரல் ஆக்சான்களைப் பார்க்க 11.5ஆம் நாள் வசதியானது. ஃப்ளோர் பிளேட்டை (நரம்புக் குழாயின் அடிப்பக்க நடுக்கோட்டை) நோக்கி வருபவை, கடந்துகொண்டிருப்பவை, கடந்து முடித்தவை மூன்றும் ஒரே வெட்டில் கிடைக்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆக்சான் பரப்பில் உள்ள டேக்-1, எல்1 என்ற இரண்டு புரதங்களில் டேக்-1 கடப்பதற்கு முன்னுள்ள பகுதியில் தெரியும், எல்1 கடந்த பிறகான பகுதியில் தெரியும். இந்த இரண்டும் இடம் மாறாமல் வந்தால் உங்கள் திசுவும் கைப்பக்குவமும் சரி என்று அர்த்தம். விலையுயர்ந்த நெட்ரின் ஆன்டிபாடியைத் திறக்கும் முன் இதைச் செய்து பார்த்துவிடுங்கள்.

ஃபிக்சேஷனுக்கு (திசுவை இருந்தபடியே நிலைநிறுத்த) 4% பாராஃபார்மால்டிஹைடு, 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில், பிஎச் 7.4. பொடியைக் கரைக்க 60 டிகிரி போதும், அதற்கு மேல் சூடாக்க வேண்டாம். கலங்கலாகவே நின்றால் ஓரிரு சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, ஆறியதும் வடிகட்டி, பிஎச்சை மறுபடி பாருங்கள். 11.5 நாள் கருவுக்கு 4 டிகிரியில் 2 மணி நேரத்திலிருந்து தொடங்கலாம். இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் காலையில் எடுப்பது வசதிதான். ஆனால் ஃபிக்சேஷன் கூடக் கூட ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய எபிடோப் மறைந்துகொண்டே போகும். குறைத்தாலும் தொல்லை: திசு கிழியும், சுரக்கப்பட்ட புரதம் கழுவும்போதே போய்விடும். டிசிசி செல் சவ்வில் பதிந்திருப்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், நெட்ரின் பொறுக்காது.

பிறகு 30% சுக்ரோஸில், கரு மூழ்கி அடியில் உட்காரும் வரை. மூழ்காமல் எடுத்து உறைய வைத்தால் ஐஸ் படிகம் திசுவைச் சல்லடையாக்கிவிடும். ஓசிடியில் (உறைய வைத்து வெட்ட உதவும் பசையில்) அமர்த்தும்போது கரு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டு சாய்ந்தால் ஃப்ளோர் பிளேட்டின் ஒரு பக்கம் தடித்துத் தெரியும், அதை "கிரேடியன்ட்" என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. கிரையோஸ்டாட்டில் 14 முதல் 20 மைக்ரான். ஒரே கருவின் அடுத்தடுத்த வெட்டுகளை வெவ்வேறு ஸ்லைடுகளில் பிரித்துப் போடுங்கள். கன்ட்ரோல் ஸ்லைடுக்கும் அதே கருவின் அதே மட்டம் கிடைக்கும்.

நெட்ரின்-1 மங்கலாக வருகிறதென்றால் ஆன்டிஜன் ரெட்ரீவல் (மறைந்த எபிடோப்பைச் சூட்டால் வெளிக்கொணர்வது) செய்து பாருங்கள். 10 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட், பிஎச் 6.0, 0.05% ட்வீன்-20, 95 டிகிரியில் 10 நிமிடம், அதே கரைசலில் அப்படியே அரை மணி நேரம் ஆற விடுங்கள். கொதிக்க விட்டால் கருத் திசு ஸ்லைடை விட்டு உரிந்து மிதக்கும். ஸ்லைடை முந்தைய நாளே நன்றாகக் காய வைத்திருந்தால் இது குறையும். சில மோனோகுளோனல்கள் சூட்டுக்குப் பின் வேலையே செய்யாது. எனவே சூடு பட்டது ஒன்று, படாதது ஒன்று என்று இரண்டு ஸ்லைடுகளில் முதலில் சோதியுங்கள்.

அதிகம் சறுக்குவது பிளாக்கிங்கிலும் (வெறும் ஒட்டலைத் தடுக்க முதலில் சீரம் போடுவது) செகண்டரியிலும்தான். புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி பிரைமரி, அந்தப் பிரைமரியைப் பிடித்து ஒளிரும் ஆன்டிபாடி செகண்டரி. டிசிசி, நெட்ரின், ரோபோ குடும்பம் (ஸ்லிட் என்ற வழிகாட்டிப் புரதத்தின் ரிசெப்டர்கள்) ஆகியவற்றுக்கு ஆட்டில் தயாரித்த பிரைமரிகள் நிறையப் புழங்குகின்றன. பிரைமரி ஆட்டினுடையது என்றால் பிளாக்கிங்குக்கு ஆட்டு சீரம் ஆகாது. செகண்டரி அதையே போய்ப் பிடித்து ஸ்லைடு முழுக்க ஒளிரும். கழுதை சீரம் 10%, ட்ரைட்டான் எக்ஸ்-100 0.1 முதல் 0.3% வரை, பிபிஎஸ்ஸில், ஒரு மணி நேரம். பழக்கதோஷத்தில் பிஎஸ்ஏவும் (மாட்டு ஆல்புமின்) சேர்ப்பார்கள். அது மாட்டின் சீரத்திலிருந்து வருவது, அதில் மாட்டின் ஐஜிஜி (ரத்தத்தில் அதிகம் உள்ள ஆன்டிபாடி வகை) கொஞ்சம் கலந்திருக்கக்கூடும். ஆட்டு ஐஜிஜியைப் பிடிக்கும் செகண்டரி மாட்டினுடையதையும் பிடித்துக்கொள்ளும். பால்பொடிக்கும் இதே குறைதான். இரட்டை ஸ்டெயினிங்கில் எல்லா செகண்டரியும் கழுதையில் தயாரித்ததாகவே இருக்கட்டும். முயலுக்கு எதிராக ஆட்டில் செய்த செகண்டரியைப் பக்கத்தில் போட்டால் இரண்டு நிறமும் ஒரே இடத்தில் விழும், அதைக் "கோ-லோக்கலைசேஷன்" என்று கொண்டாடத் தோன்றும்.

சுண்டெலித் திசுவில் சுண்டெலி ஆன்டிபாடி போடுவது தனிச் சிக்கல். தாயின் ஐஜிஜி கருவுக்குள் வந்திருக்கும், செகண்டரி அதையும் காட்டும். ரத்தக் குழாய்களும் மெனிஞ்சஸும் (மூளையைச் சுற்றிய உறைகள்) பளபளக்கும். டேக்-1க்கான 4டி7 என்ற சுண்டெலி ஆன்டிபாடி இதில் விதிவிலக்கு. அது ஐஜிஎம் வகை, தாயிடமிருந்து ஐஜிஎம் கருவுக்குக் கடப்பதில்லை. மியூ செயினை (ஐஜிஎம்முக்கே உரிய சங்கிலியை) மட்டும் பிடிக்கும் செகண்டரி போட்டால் பின்னணி சுத்தமாக வரும். ஐஜிஜிக்கான செகண்டரிகளில் காமா செயினை (ஐஜிஜிக்கே உரிய சங்கிலியை) மட்டும் பிடிப்பதைப் போட்டால் எதுவுமே தெரியாது, ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று குப்பையில் போடுவார்கள். எல்1க்கு எலியில் (ராட்) செய்த பிரைமரி என்றால், சுண்டெலி ஐஜிஜிக்கு எதிரானவற்றை நீக்கிச் சுத்திகரித்த செகண்டரிதான் வாங்க வேண்டும்.

பிரைமரியின் அளவை 1:500 என்று மட்டும் குறித்து வைக்காதீர்கள், குப்பியின் செறிவு மாறினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மில்லிலிட்டருக்கு 0.25, 0.5, 1, 2 மைக்ரோகிராம் என்று நான்கு ஸ்லைடுகளில் போட்டுப் பாருங்கள். ஸ்லைடுக்கு 250 மைக்ரோலிட்டர் வீதம் 10 ஸ்லைடுக்கு 2.5 மில்லி, 0.5 மைக்ரோகிராம் செறிவுக்கு, மில்லிக்கு 0.2 மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து 6.25 மைக்ரோலிட்டர் போதும். 4 டிகிரியில் இரவு முழுக்க, ஈரப் பெட்டியில். ஓரம் காய்ந்தால் அந்த ஸ்லைடை விட்டுவிடுங்கள். மறுநாள் பிபிஎஸ்ஸில் 10 நிமிடம் வீதம் மூன்று முறை கழுவி, செகண்டரி ஒரு மணி நேரம் இருட்டில், மறுபடி கழுவி, டேப்பி (செல் உட்கருவைக் காட்டும் சாயம்), கவர்ஸ்லிப்.

இனி அந்த வைவா கேள்வி. சுண்டெலிக் கருவில் நெட்ரின்-1 எம்ஆர்என்ஏ ஃப்ளோர் பிளேட்டிலும் வென்ட்ரிகுலர் ஸோனிலும் (உட்குழியை ஒட்டிய அடுக்கு) இருக்கும். வென்ட்ரிகுலர் ஸோனில் உண்டான புரதமோ வெளி விளிம்பான பியல் பரப்பில் போய்ச் சேர்ந்திருக்கும். 2017இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு இந்த விளிம்பு நெட்ரினின் மதிப்பு கூடிவிட்டது: ஃப்ளோர் பிளேட்டில் மட்டும் நெட்ரினை நீக்கினாலும் பின்மூளையில் ஆக்சான்கள் கடந்துவிடுகின்றன. தொல்லை என்னவென்றால், எந்த ஆன்டிபாடியும் சும்மாவே தேங்கி நிற்கும் இடம் திசுவின் விளிம்புதான். நிஜமான சிக்னலும் பொய்யான சிக்னலும் ஒரே கோட்டில் விழுகின்றன. செகண்டரி மட்டும் போட்ட ஸ்லைடு செகண்டரியின் ஒட்டலைத்தான் காட்டும், பிரைமரி விளிம்பில் ஒட்டியதா என்பதை அது சொல்லாது. அதற்கு ஜீன் இல்லாத உடன்பிறப்புக் கரு வேண்டும், அதே ஸ்லைடில், அதே நாளில். அதிலும் 1996இல் வந்த ஜீன்-ட்ராப் சுண்டெலியில் (ஜீனுக்குள் வேறு டிஎன்ஏ புகுத்தி அதை முடக்கியது) நெட்ரின்-1 முழுதாகப் போவதில்லை, சிறிது மிஞ்சும். 2015இல் விவரிக்கப்பட்ட முழு நீக்கம்தான் நம்பகமான கன்ட்ரோல். அது கிடைக்காதென்றால் நெட்ரின்-1 டிரான்ஸ்ஃபெக்ட் செய்த (ஜீனை உள்ளே செலுத்திய) ஹெக்293 என்ற வளர்ப்புச் செல், செய்யாத செல், வெஸ்டர்ன் பிளாட்டில் சுமார் 75 கிலோடால்டனில் பேண்ட் ஆகியவற்றையாவது வையுங்கள். பெப்டைடு போட்டு ஆன்டிபாடியை அடக்குவது பலவீனமான சான்று; தவறான புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியும் அந்தப் பெப்டைடுக்கு அடங்கும்.

ஆன்டிபாடி புரதத்தின் எந்தப் பகுதிக்கு எதிரானது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். ரோபோவுடன் சேரும் ஸ்லிட்2 என்ற புரதம் உடைந்து இரு துண்டாகும். சி-முனைக்கான ஆன்டிபாடி, ரோபோவுடன் சேரும் என்-துண்டைப் பற்றி எதுவும் சொல்லாது. ரோபோ3யில் 3.1, 3.2 என்ற இரண்டு வடிவங்கள் சி-முனையில் மட்டும் வேறுபடும். வெளிப்பகுதிக்கான ஆன்டிபாடி இரண்டையும் ஒன்றாகக் காட்டும், "கடக்கும் முன் 3.1" என்ற வாதத்துக்கு அது உதவாது.

மைக்ராஸ்கோப்பில் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள். கன்ட்ரோல் ஸ்லைடையும் அது பிரகாசமாக்கிவிடும். நார்மல் கருவில் எந்தப் பிக்சலும் சாச்சுரேட் ஆகாதபடி அமைத்து, அதே அமைப்பில் கன்ட்ரோலை எடுங்கள். இந்த வயதில் ரத்த அணுக்கள் தாமாகவே ஒளிரும். எதுவும் போடாத ஸ்லைடு ஒன்றை எல்லா சேனலிலும் பார்த்தால் அவை அடையாளம் தெரிந்துவிடும். வேறு வேறு நாளில் ஸ்டெயின் செய்த ஸ்லைடுகளின் ஒளிர்வை எண்ணாக்கி ஒப்பிடாதீர்கள். ஒரே கருவின் பத்து வெட்டுகள் பத்து மாதிரிகள் ஆகாது. எத்தனை கரு, எத்தனை தாய் என்பதைப் படத்தின் கீழேயே எழுதுங்கள், ஆன்டிபாடியின் லாட் எண்ணையும் சேர்த்து.