பாடகத்தில் உட்கார்ந்திருக்கும் தூதன்

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயில் என்றால் எந்த ஆட்டோவும் நிற்கும். பக்கத்திலேயே இருக்கிற பாண்டவதூதப் பெருமாள் கோயிலைச் சொன்னேன்; இரண்டு பேர் யோசித்தார்கள், மூன்றாமவர்தான் "திருப்பாடகமா? ஏறுங்க" என்றார்.

உள்ளே கூட்டமே இல்லை. சந்நிதி முன் நின்றதும் கண்ணில் பட்டது பெருமாளின் முழங்கால். அண்ணாந்து பார்த்த பிறகுதான் திருமுகம். உட்கார்ந்த கோலத்திலேயே ஏறத்தாழ 25 அடி. பட்டர் தீபத்தைத் திருவடியில் தொடங்கி மெல்ல உயர்த்தினார். வெளிச்சம் மேலே போகப் போக, 'அஞ்சேல்' என்று காட்டும் வலக்கை தெரிந்தது.

தலபுராணம் தெரிந்ததுதான். ஐந்து ஊராவது கொடு என்று பாண்டவர்களுக்காகக் கேட்க வந்த கண்ணனுக்கு, பள்ளம் தோண்டி மல்லர்களை ஒளித்து அதன்மேல் ஆசனம் போட்டான் துரியோதனன். ஆசனம் முறிந்தது, கண்ணன் விசுவரூபம் எடுத்தான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது பாரதத்தின் உத்தியோக பருவத்தில் வரும் ஒரு சின்ன விஷயம். தூது கிளம்பும்போது சாத்யகியைக் கூப்பிட்டு, சங்கு, சக்கரம், கதை எல்லாவற்றையும் தேரில் ஏற்று என்கிறான் கண்ணன். துரியோதனனும் கர்ணனும் சகுனியும் கெட்ட புத்திக்காரர்கள், எதிரியை லேசாக எடுக்கக் கூடாது என்று காரணமும் சொல்கிறான். சமாதானம் பேசப் போகிறவன் தேரில் சக்கரம்! ஆனால் சபையில் பேச்சு இதமாகத்தான் தொடங்குகிறது. திரும்பி வந்து தருமரிடம் கணக்கு ஒப்பிக்கிறான்: முதலில் சாமம், அப்புறம் பேதம், மிரட்டல், தானம்கூடச் சொல்லிப் பார்த்தாயிற்று, இனி தண்டம்தான். வெறும் கையோடு போயிருந்தால் கட்டிப் போட்டிருப்பார்கள். கட்டத் திட்டமும் போட்டார்களே!

என் பக்கத்தில் ஒரு பொடியன் தாத்தாவின் வேட்டியை இழுத்தான். "தாத்தா, சாமி எழுந்தா கூரை இடிக்காதா?"

"எழுந்திருக்க வைக்காதீங்கடான்னு சொல்லத்தான்டா வந்தார்."

பட்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. துளசி, தீர்த்தம், சடாரி ஆனது.

'நின்றது எந்தை ஊரகத்து, இருந்தது எந்தை பாடகத்து' என்று திருமழிசையாழ்வார் பாடிய வரிசையில், இருந்தவரைப் பார்த்தாகிவிட்டது. நடை சாத்துவதற்குள், உலகளந்து நிற்கிறவரையும் பார்த்துவிட ஊரகத்துக்கு வேகமாக நடந்தேன்.