கடைசி வரியை மட்டும் பார்த்தால் போதாது

வெளிநாட்டுக்கு வேலைக்கோ படிக்கவோ போகிறவர்களின் ஆவணங்களைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "என்னென்ன பேப்பர் வேணும்?" என்றுதான். அந்தப் பட்டியல் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்திலேயே கிடைக்கும். எதை எப்போது வாங்க வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. நான் பார்த்தவரை ஃபைல்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு ஆயுள் உண்டு. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் 2 வருடம் செல்லும். பிரிட்டனுக்குச் சில நாட்டவர்கள் காட்ட வேண்டிய காசநோய்ச் சான்றிதழ் 6 மாதம்தான். அங்கே பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி எண்ணுக்கும் 6 மாதம். வேலைக்குக் கூப்பிடும் நிறுவனம் தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் என்றால் 3 மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கான குறுகியகால விசாவுக்கு பாஸ்போர்ட் 10 வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் மிச்சம் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கிற நாளில் எல்லாமே உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்து, கடைசியில் பாதியைப் புதுப்பிக்க அலைகிறவர்கள் உண்டு.

பணத்தைக் காட்டுவது தனிக் கதை. பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும்; அந்த 28 நாள் முடியும் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். ஒரு பையன் பேங்க் ஸ்டேட்மென்ட்டை நீட்டி, "கடைசி வரியைப் பாருங்க, பணம் கூடுதலாவே இருக்கு" என்றான். இருந்தது. நான் ஸ்கேலை வைத்து இருப்புத் தொகைப் பத்தியை மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்தேன். நடுவில் தங்குமிடத்துக்கு முன்பணம் கட்டியிருந்தான். இருப்பு தேவையான அளவுக்குக் கீழே இறங்கி, இரண்டு நாள் கழித்து அவன் அப்பா போட்ட பணத்தில் மேலே வந்திருந்தது. "ரெண்டே நாள்தானே?" என்றான். ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி 1-லிருந்துதான். நல்லவேளை, சேர்க்கை எண்ணுக்கு ஆயுள் மிச்சம் இருந்தது. கணக்கைத் தொடாமல் காத்திருந்து, அப்புறம் விண்ணப்பித்தான்.

இந்த விஷயத்தில் எனக்கு ஜெர்மனியின் முறை பிடிக்கும். மாணவர் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போட்டுவிட்டால் அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் கைக்கு வரும். தொகை பெரியதுதான். ஆனால் உறவினரிடம் கடன் வாங்கிச் சில வாரம் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற நாடகத்துக்கு அதில் இடம் குறைவு.

வேலை விசாவில் பாரத்தைப் பெரும்பாலும் நிறுவனம் சுமக்கிறது. அமெரிக்காவின் எச்-1பி-க்கு மனு போடுவது வேலை கொடுப்பவர். வருடத்துக்கு 65,000 இடம், அங்கே முதுகலை முடித்தவர்களுக்கு இன்னும் 20,000. விண்ணப்பிப்பவரின் கையில் இருப்பது அவருடைய பழைய ஆவணங்கள்தான். அனுபவச் சான்றிதழில் ஒரு பதவி, சம்பளச் சீட்டில் வேறு பதவி, தற்குறிப்பில் மூன்றாவது ஒன்று என்று வரும்போது, எல்லாமே உண்மையாக இருந்தாலும் படிக்கிறவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அதிகாரிக்கு உங்களைத் தெரியாது, காகிதத்தைத்தான் தெரியும்.

விதிகளில் எனக்கு இன்னும் விநோதமாகப் படுவது அமெரிக்காவின் 214(பி) பிரிவு. நீங்கள் நிரந்தரமாகத் தங்கத்தான் வருகிறீர்கள் என்று சட்டம் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. எஃப்-1 என்ற மாணவர் விசா கேட்பவர் இதைத் தாண்டியாக வேண்டும். அதே ஆள் சில வருடம் கழித்து எச்-1பி-யில் வந்தால் இந்தக் கேள்வியே இல்லை. முதல் தடவை திரும்பி வருவேன் என்று சொன்னவர், இரண்டாம் தடவை தங்கும் ஆசையை மறைக்க வேண்டியதில்லை!

நேர்காணல் பயிற்சி என்று பலர் தனியாகப் பணம் கட்டுகிறார்கள். மனப்பாடம் செய்த பதில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். எந்தப் படிப்பு, ஏன் அந்தக் கல்லூரி, யார் பணம் கட்டுகிறார்கள் என்பதைத் தன் வார்த்தையில் சொல்லத் தெரிந்தால் போதும்.

இன்னொன்று, பழைய நிராகரிப்பு. 'இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா?' என்ற கேள்வி பல நாட்டுப் படிவங்களில் இருக்கிறது. "வேற நாடுதானே, இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். நாடுகள் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. மறுப்பு ஒன்றும் குற்றம் இல்லை, மறைத்தால்தான் ஆபத்து. ஏமாற்றியதாக முடிவானால் பிரிட்டனில் 10 வருடம் வரை தடை வரலாம், அமெரிக்காவில் ஆயுளுக்கும் கதவு மூடலாம். மறைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களின் ஃபைலை நான் எடுப்பதில்லை. மற்றவர்களிடம் பழைய மறுப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்குகிறேன். அதில் சொன்ன காரணம் இப்போது எப்படிச் சரியாகியிருக்கிறது என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, ஃபைலில் முதலாவதாக வைக்கச் சொல்கிறேன்.