பென்சில் கோடும் பென் டூலும்

நோட்டில் பென்சிலால் வரைந்த ஒரு பறவையை இன்று உட்கார்ந்து கணினியில் வெக்டராக, அதாவது புள்ளிகளை இணைக்கும் கோடுகளால் ஆன படமாக, மாற்றினேன். 600 டிபிஐ துல்லியத்தில் ஸ்கேன் செய்து, தாளின் சாம்பல் நிறத்தை வெளுக்கவைத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில், படத்தைத் தானாகவே கோடாக்கும் ட்ரேஸ் பிட்மேப் கொடுத்தால் நொடியில் முடிந்துவிடும்தான், ஆனால் பென்சிலின் சொரசொரப்பெல்லாம் கோடாகி, ஒரு சிறகிலேயே நூற்றுக்கணக்கான புள்ளிகள் மொய்த்துக்கொண்டு நின்றன. சரி என்று அதை அழித்துவிட்டு, ஸ்கேனை மங்கலாக்கி அடி லேயரில் பூட்டிவைத்து, நாமே புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் பென் டூலால் வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்துப் போனேன். அதே சிறகு ஒன்பது புள்ளிகளில் வந்துவிட்டது!

அப்புறம், கழுத்துக்குக் கீழே என் கை லேசாக நடுங்கிய ஓர் இடம். அதை வழுவழுப்பாக்கிப் பார்த்தேன், பறவைக்கு உயிரே போன மாதிரி இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையவில்லை, அதில் என் கையும் தெரிகிறது. இன்னும் வால் பாக்கி.