மங்கோலியர் படையெடுப்புப் பெருவினா: ஆற்றையும் மாதத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. எங்கள் செட்டில் எல்லாரும் பயந்த இடைக்கால ஐரோப்பா தாள்தான் எனக்கு அதிக மதிப்பெண் வாங்கித் தந்திருக்கிறது. ‘கிறிஸ்தவ அரசுகள்மீது மங்கோலியர் நடத்திய படையெடுப்புகளை ஆராய்க’ என்ற பெருவினாவை நான் எழுதிய விதத்தை அடுத்த பருவத்தினர் சிலர் கேட்டார்கள். தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆண்டுகளை மட்டும் உருப்போடாதீர்கள். 1237, 1238, 1240, 1241 எல்லாம் பரீட்சை ஹாலில் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒவ்வொரு படையெடுப்புக்கும் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த ஆறு? எந்த மாதம்? என்னைக் கரையேற்றியது இதுதான். வேறு முறை இருக்கலாம், எனக்கு அது தேவைப்படவில்லை.

ரஷ்யச் சிற்றரசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரியாசான் வீழ்ந்தது 1237 டிசம்பரில், விளாதிமிர் 1238 பிப்ரவரியில். சித் ஆற்றங்கரையில் இளவரசர் இரண்டாம் யூரி கொல்லப்பட்டது மார்ச் தொடக்கத்தில். குளிர்காலத்தில் ரஷ்யாவுக்குள் போவதா என்று நமக்குத் தோன்றும். காடும் சதுப்பும் நிறைந்த அந்த நாட்டில் உறைந்த ஆறுதான் அவர்களுக்குப் புறவழிச்சாலை. மங்கோலியக் குதிரைகள் பனியைக் குளம்பால் கிளறிப் புல் தின்னும் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அதே மார்ச்சில் டோர்ஷோக் நகரைப் பிடித்தவர்கள், பணக்கார நோவ்கோரத் பக்கத்தில் இருந்தும் திரும்பிவிட்டார்கள். பனி உருகும் காலம் நெருங்கிவிட்டது, பாதை சேறாகிவிடும் என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் காரணம். மாதம் தெரிந்தால் காரணமும் தானே வரும்.

அப்புறம், கோத்யன் என்ற கிப்சாக் (புல்வெளி நாடோடி மக்கள்) தலைவரை விட்டுவிடாதீர்கள். கைடுகளில் இவர் பெயர் அரைவரிகூட இருக்காது. இவருடைய மருமகன் கலிச் நகரின் இளவரசர் ம்ஸ்திஸ்லாவ். கிப்சாக்குகள் உதவி கேட்டதால்தான் ரஷ்ய இளவரசர்கள் படை திரட்டினார்கள். பின்வாங்குவதுபோல் நடித்த மங்கோலியத் தளபதிகள் சுபுதையையும் ஜெபேயையும் நீப்பர் ஆற்றிலிருந்து பல நாள் துரத்திக்கொண்டு போய், 1223 மே 31 அன்று கல்கா ஆற்றங்கரையில் அழிந்தார்கள். பின்னர் கோத்யன் தன் மக்களோடு ஹங்கேரியில் தஞ்சம் புகுந்தார். மங்கோலியரின் ஒற்றர் என்ற சந்தேகத்தில் அவரைப் பெஸ்ட் நகரில் கொன்றுவிட்டார்கள். அவருடைய மக்கள் ஆத்திரத்தில் நாட்டைச் சூறையாடிவிட்டு வெளியேறினார்கள். மன்னர் நான்காம் பேலாவுக்கு மிகவும் தேவைப்பட்டிருக்க வேண்டிய குதிரைப்படை இப்படித்தான் கைநழுவியது. இந்த ஒரு மனிதரை வைத்தே 1223-ஐயும் 1241-ஐயும் கோத்துவிடலாம்.

1241-இன் வரிசை மட்டும் மாறக்கூடாது:

- மார்ச் 18: க்மியெல்னிக், போலந்துப் படை தோல்வி. அடுத்து கிராக்கோவ் எரிகிறது
- ஏப்ரல் 9: லெக்னிகா (போலந்து), சிலேசியப் பிரபு இரண்டாம் ஹென்றி மரணம்
- ஏப்ரல் 11: மோகி (ஹங்கேரி), ஷாயோ ஆறு
- டிசம்பர் 11: மங்கோலியப் பேரரசர் ஒகோடி கான் மரணம்
- அதே குளிர்காலம்: உறைந்த டான்யூபை மங்கோலியர் கடந்தது

லெக்னிகாவுக்கு ஒரு பத்தி போதும். போலந்துக்குப் போன படையின் வேலை, ஹங்கேரிக்கு வடக்கிலிருந்து உதவி வராமல் பார்த்துக்கொள்வது. ஆனால் எல்லாரும் அதைத்தான் இரண்டு பக்கம் எழுதுகிறார்கள், இறந்தவர்களின் காதுகளை மங்கோலியர் மூட்டை மூட்டையாக அறுத்த கதையோடு. ஜெர்மானிய மாவீரர் சபைத் தலைவர் போப்போ அங்கே இறந்தார் என்றும் நோட்ஸில் இருக்கும். அவர் அந்தப் பதவிக்கு வந்ததே 1250-களில்.

பக்கத்தை மோகிக்கு ஒதுக்குங்கள். பாலத்தைக் காத்தால் போதும் என்று ஹங்கேரியர் நம்பினார்கள். படையெடுப்புக்குத் தலைமை தாங்கிய படு கான் கல்லெறி பொறிகளால் பாலத்தை அடித்தார். சுபுதை கீழே வேறொரு இடத்தில் ஆற்றைக் கடந்தார். வண்டிகளைச் சேர்த்துக் கட்டிய நெரிசலான பாசறைக்குள் மன்னரின் படை சிக்கிக்கொண்டது. முற்றுகையில் வேண்டுமென்றே ஒரு வழி திறந்துவிடப்பட்டது. அதன் வழியே ஓடியவர்கள்தான் பெஸ்ட் செல்லும் சாலையெங்கும் வெட்டப்பட்டார்கள்.

டான்யூபைக் கடந்ததற்கு ரோகேரியஸ் தரும் சம்பவத்தை எழுதுங்கள். அவர் மங்கோலியரிடம் சிறைப்பட்டுத் தப்பிய பாதிரியார். பனிக்கட்டி பாரம் தாங்குமா என்று பார்க்க, மங்கோலியர் கால்நடைகளைக் கரையில் காவலின்றி விட்டுவிட்டு மறைந்துகொண்டார்களாம். எதிரி போய்விட்டான் என்று நினைத்த ஹங்கேரியர் ஆற்றின்மேல் நடந்துவந்து அவற்றை ஓட்டிக்கொண்டு போனார்கள். சோதனை முடிந்தது!

இனி இந்த வினாவில் இருக்கும் கண்ணி. ‘கிறிஸ்தவ அரசுகள்’ என்று பார்த்ததும் கை தானாக மதப்போர் என்று எழுதப் போகும். எங்களுக்குத் தந்த பாடப்புத்தகமே அப்படித்தான் தலைப்பிட்டிருந்தது, இன்றுவரை எனக்கு அது எரிச்சல். 1221-இல் ஜார்ஜியா அடிவாங்கியதற்குக் காரணம், மத்திய ஆசியாவின் குவாரஸ்ம் சுல்தானைத் துரத்திவந்த மங்கோலியப் படையின் வழியில் அது இருந்தது. வந்தவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று நினைத்து ஏமாந்துபோனோம் என்று ஜார்ஜிய அரசி ருசுதான் போப்புக்கே எழுதினார். சிலிசிய ஆர்மீனியாவின் மன்னர் ஹெதும் மங்கோலியத் தலைநகர் காரகோரம்வரை போய்ப் பணிந்து கூட்டாளியானார். 1260-இல் சிலுவைப் போராளிகளின் சிடோன் நகரைச் சூறையாடிய மங்கோலியத் தளபதி கித்புகா ஒரு கிறிஸ்தவர். இந்த நாலு உதாரணமும் முன்னுரையிலேயே வந்துவிட்டால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். பணிந்தால் பிழைக்கலாம், மறுத்தால் அழிவு என்பதே அவர்களுடைய கணக்கு. 1246-இல் ஒகோடியின் மகனும் அடுத்த பேரரசருமான குயுக் கான் போப் நான்காம் இன்னசென்டுக்கு எழுதிய கடிதமும் அதைத்தான் சொல்கிறது: நீரும் எல்லா மன்னர்களும் நேரில் வந்து பணியுங்கள். அந்தக் கடிதம் வாடிகனில் இன்றும் இருக்கிறது.

1242-இல் ஏன் திரும்பினார்கள் என்பது துணைக்கேள்வியாக வரும். ஒகோடியின் மரணம் என்று ஒற்றை வரியில் முடித்தால் பாதி மதிப்பெண்தான். மேய்ச்சல் பற்றாக்குறை, எஸ்டெர்கோம் உள்கோட்டை போன்ற கற்கோட்டைகள் விழாதது ஆகியவற்றையும் சேருங்கள். செகெஷ்ஃபெகெர்வார் நகரைக் காப்பாற்றியது அதைச் சுற்றியிருந்த சதுப்பு. பனி உருகியதும் குதிரைப்படையால் நெருங்க முடியவில்லை. பாருங்கள், மறுபடியும் தண்ணீரும் மாதமும்தான்.

கடைசியாகச் சில உதிரிகள். படைகளின் எண்ணிக்கையைக் கைடு பார்த்து எழுத வேண்டாம், பழைய எழுத்தாளர்கள் எல்லாரும் ஊதிப்பெருக்கியவை. வரைபடத்தில் நாட்டெல்லைகளை விட்டுவிட்டு வோல்கா, நீப்பர், டான்யூப் மூன்றையும் கார்பாத்திய மலையையும் மட்டும் போடுங்கள், ஐந்து நிமிடத்தில் முடியும். 1242-ஓடு விடையை நிறுத்தாதீர்கள். 1259–60-இல் மங்கோலியத் தளபதி புருந்தாய் போலந்தைத் தாக்கினார். 1285-இல் மங்கோலியத் தலைவர்கள் நோகாயும் தலபுகாவும் ஹங்கேரிக்குள் வந்தார்கள், 1287-இல் மறுபடி போலந்து. முதல் படையெடுப்புக்குப் பிறகு பேலா கட்டவைத்த கற்கோட்டைகள் 1285-இல் பயன்பட்டன என்று ஒரு வரி சேர்த்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுங்கள்.