பேனர் கட்டாத லாரி

"பேனர் இல்லாம லாரி கிளம்பினா, அடுத்த லாரி வராது தம்பி."

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், ஒரு கம்பெனி கொடுத்த நிவாரணப் பொருள் லாரி கிளம்பும்போது, மக்கள் தொடர்பு வேலையில் எனக்கு மேலே இருந்த சார் என்னிடம் சொன்னது இது. கேட்டபோது எரிச்சலாகத்தான் இருந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. ஆட்கள் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாமல், 1878இல் தொடங்கிய இந்து நாளிதழே முதல்முறையாகச் சென்னையில் அச்சாகவில்லை. பேப்பரே வராத ஊரில் யாருக்கு பிரஸ் நோட், யாருக்கு பேனர்? போதாததற்கு, நிவாரணப் பொட்டலங்களில் முதல்வர் பட ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அரசியலில் ஊறிய மனிதருக்கு இது தெரியாதா என்று நினைத்தேன். தெரிந்துதான் சொன்னார்.

இளைஞர் அணியில் இருந்த காலத்தில், 1985இல் மாஸ்கோவில் நடந்த உலக இளைஞர் மாணவர் விழாவுக்குப் போய்வந்தவர் அவர். அப்புறம் கொழும்பு, கோலாலம்பூர், லண்டன் என்று பாதி கட்சி வேலையாகவும் பாதி கம்பெனி வேலையாகவும் சுற்றிக்கொண்டே இருந்தார். எந்த ஊருக்குப் போனாலும் டீக்கடைக்காரர் பெயர், டிரைவர் பெயர், அவர் பிள்ளைகள் பெயர் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வார், வருடக்கணக்கில் மறக்கவும் மாட்டார். அது அன்பா, தொழிலா என்பது கூடவே வேலை பார்த்த எனக்கே கடைசிவரை பிடிபடவில்லை.

பிரஸ் நோட் எழுதக் கற்றுக்கொடுக்கும்போது, மக்கள் தொடர்புத் தொழிலின் முன்னோடியான அமெரிக்கர் ஐவி லீயின் கதையைச் சொல்வார். 1906இல் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்தது. ரயில்வே கம்பெனி விஷயத்தை அமுக்கிவிடாமல், லீ நிருபர்களை அந்த இடத்துக்கே வரவழைத்து அறிக்கையைக் கையில் கொடுத்தார். முதல் பிரஸ் நோட் என்று இந்தத் தொழிலில் சொல்வது அதைத்தான். அதே லீ, ஹிட்லர் ஆட்சியில் இருந்த ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் என்ற ரசாயனக் கம்பெனிக்கு ஆலோசனை சொல்லப் போய், 1934இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் பதில் சொல்ல வேண்டியதானதையும் சார் சேர்த்தே சொல்வார். இரண்டையும் ஒரே குரலில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்று நாங்களும் கேட்டதில்லை.

சரி, லாரிக்கு வருகிறேன். பேனர் கட்டித்தான் போனோம். முடிச்சூரில் ஒரு வயதான அம்மா பாய், போர்வை, பால் பவுடர் எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு நகரப் பார்க்க, போட்டோகிராபர் அவரைக் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொன்னார், பின்னால் கம்பெனி பெயர் தெரியவேண்டுமே. "படம் புடிச்சாதான் குடுப்பீங்களாய்யா?" என்று கேட்டார் அந்த அம்மா. சார் உடனே குறுக்கே வந்து, "இல்லம்மா, நீங்க போங்க" என்று அவர் கையிலிருந்த மூட்டையைத் தானே வாங்கிச் சேற்றில் இறங்கிக் கூடவே நடந்தார். ஆனால் படம் அதற்குள் எடுத்தாகிவிட்டது. அந்தப் படம் கம்பெனிக்குப் போனது. அடுத்தடுத்து லாரிகளும் வந்தன. அதை நான் கண்ணால் பார்த்தேன், மறுக்க முடியாது.

2016 மே மாதம் சட்டமன்றத் தேர்தல். சார் ஒரு வேட்பாளருக்கு விளம்பர வேலை பார்த்தார். துண்டுப் பிரசுரத்தின் புரூஃப் என் மேசைக்கு வந்தது. முன்பக்கத்தில் அதே அம்மா. பேனர் இருந்த பக்கத்தை வெட்டியிருந்தார்கள், பாயும் போர்வையும் முகமும் மட்டும். பார்ப்பவர்களுக்கு வேட்பாளர் கொடுத்தது போலத்தான் இருக்கும், வார்த்தையில் அப்படி எங்கும் எழுதவில்லை. சாரோ கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் முகவரியோடு அடியில் இருக்கிறதா என்று தாளை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ, அதில் அவர் ஒரு எழுத்து விடமாட்டார்.

"சார், இந்த அம்மாகிட்ட கேட்டோமா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "அவங்க பேரு என்ன, சொல்லு."

எனக்குத் தெரியாது. அவர் சொன்னார். பெயர், தெரு, மகன் வேலை பார்க்கும் பட்டறை, வெள்ளத்தில் போன ரேஷன் கார்டுக்கும் பத்திரத்துக்கும் நகல் வாங்க அரசு போட்ட சிறப்பு முகாமில் அவரோடு வரிசையில் நின்றது, எல்லாம். நான்கு மாதத்தில் எப்போது போனார், யாரிடமும் சொல்லவே இல்லை. நான் வாயடைத்து நின்றேன். புரூஃப் அச்சுக்குப் போனது.

ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது, நான் கேட்ட கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை. கேட்டிருப்பார் என்று ஒருநாள் தோன்றும். கேட்டிருந்தால் 'கேட்டேன்' என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பாரே என்று இன்னொரு நாள் தோன்றும். அந்த அம்மா சந்தோஷமாகவே தலையாட்டியிருக்கலாம். ஆனால் நகல் வாங்க வரிசையில் கூட நின்ற மனிதர் கேட்டால் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? அப்படிப் பார்த்தால் அவர் செய்த உதவிதான் அவர் கேட்பதைத் தப்பாக்குகிறது, உதவியே செய்யாத நான் தாராளமாகக் கேட்டிருக்கலாம் என்றாகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அம்மா வீட்டு வாசல்வரை போனது அவர், நான் இல்லை.

அவர் இறந்தபோது இரங்கல் குறிப்பை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். மாஸ்கோவை எழுதினேன், வெள்ள நிவாரணத்தை எழுதினேன், பிரசுரத்தை விட்டுவிட்டேன். இரங்கல் குறிப்பில் அதற்கு இடமில்லை, எந்த வீட்டாரும் அதைப் படிக்க விரும்பமாட்டார்கள், அந்த முடிவில் எனக்கு மாற்றமில்லை. ஆனாலும் லீயின் 1934ஐ விடாமல் சொன்னவர் அவர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மறுபடி முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் தண்ணீரில். இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு கம்பெனி பொருள் அனுப்பியது. பேனர் வேண்டாம், முகம் தெரியப் படம் எடுக்க வேண்டாம் என்று நான் அடித்துச் சொன்னேன், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். லாரி நல்லபடியாகப் போய்வந்தது. இரண்டாவது லாரி வரவில்லை. போன் செய்தேன், பட்ஜெட் முடிந்துவிட்டது என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம்.