நோம்பிக்கு எந்தூருன்னு எழுதி வெச்சோம்

2023 தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். விளக்கை அணைத்துப் படுத்த பிறகு என் மகள் கேட்டாள்: "அம்மா, இந்த நோம்பிக்கு நான் எந்தூர்ல இருப்பேன்?" அவளுக்கு அப்போது ஏழு வயது. எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு வருசமாக ஒவ்வொரு நோம்பிக்கும், அதாவது பண்டிகைக்கும், முதல் நாள் சாயங்காலம் வரை போனில் இழுபறிதான். யார் அதிகமாகக் கோபப்படுகிறார்களோ அவர்கள் வீட்டில் அவள் இருப்பாள். மூட்டை கட்டிய பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரெண்டு பேர் பேசுவதையும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

இதை முறையாக முடித்துக்கொள்ள வேண்டும் என்று அந்த ராத்திரிதான் முடிவெடுத்தேன்.

எங்கள் கல்யாணம் 2014-ல் காங்கயத்தில் நடந்தது. குடித்தனம் திருப்பூரில். அவர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நான் வேறொரு கம்பெனியில் கணக்கு பார்த்தேன். 2021 கடைசியில் மகளை அழைத்துக்கொண்டு ஈரோடு பக்கம் அவல்பூந்துறைக்கு, என் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் பிரிந்தோம் என்பதை எழுதப் போவதில்லை. என் மகள் ஒருநாள் இதைப் படிப்பாள். எங்களுக்குள் அடி உதை இருந்ததில்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அது இருக்கிற வீட்டுக்கு நான் சொல்லும் வழி பொருந்தாது. அங்கே உட்கார்ந்து பேசுவதற்கு முன்னால் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 2005-ஆம் வருசத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் வழியாக மனுக் கொடுக்கலாம். அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையையும் கேட்கலாம்.

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் வழக்கப்படி பேச்சு நடந்தது. அவர் பக்கம் நாலு பேர், எங்கள் பக்கம் நாலு பேர், நடுவில் ரெண்டு வீட்டுக்கும் ஒறம்பரையான ஒரு பெரியவர். மூன்றாவது தடவை கூடினபோது அவர் சொன்னார்: "ஒத்து வராதுன்னு ஆயிப்போச்சுங்க. இருபது ரூவா பத்திரத்துல எழுதித் தீத்துவுட்டுறலாம். கோர்ட்டு கேசுன்னு எதுக்கு அலையோணும்?" அந்தப் பத்திரமும் எழுதினோம். 'இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் வாங்கினோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு ஒன்றரை வருசம் இருந்தேன்.

அந்தப் பத்திரத்தால் கல்யாணம் முறியாது. இந்து திருமணச் சட்டம் 29-ஆம் பிரிவு, வழக்காற்றுப்படி வரும் மணமுறிவை ஏற்றுக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் அந்தச் சமூகத்தில் காலங்காலமாக இருந்து வருகிறது என்று சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். நோட்டரி முத்திரை அதற்குச் சாட்சியம் ஆகாது. அந்தக் காகிதத்தை நம்பி மறுகல்யாணம் செய்தால் ரெண்டாவது கல்யாணம் செல்லாமல் போகும். அதில் பிறக்கிற குழந்தை வரைக்கும் சிக்கல் நீளும். நம் பக்கம் இன்னும் பல வீடுகளில் இந்தப் பத்திரத்தை பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து ஒரு வக்கீலிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் அதில் இருந்தது. மகளைப் பற்றி ஒரே ஒரு வரி: 'குழந்தை தாயாரிடம் வளரும், தகப்பனார் வந்து பார்த்துக்கொள்ளலாம்.' எத்தனை நோம்பிகளின் சண்டை அந்த ஒரு வரிக்குள் இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

அவருக்கு நானே போன் செய்தேன். "கோர்ட்டுல முறையா முடிச்சுக்கலாங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செரி. ஆனா பாப்பாவ வெச்சு வழக்காட வேண்டாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

வக்கீல் செலவுக்குப் பயந்தேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும் என்பது தெரிந்திருக்கவில்லை. 1987-ஆம் வருசத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் வக்கீல் ஏற்பாடு செய்வார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எனக்கு அப்படி வந்தவர் ஒரு அக்கா. முதல் நாளே சொன்னார்: "கல்யாணம் காங்கயம், குடித்தனம் திருப்பூர்னு யோசிக்காதீங்க. மனைவி இப்ப குடியிருக்கற எடத்துலயும் மனுப் போடலாம். ஈரோட்டுலயே போட்டுக்கலாம்." கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்று, ரெண்டு பேர் ஆதார், மகளின் பிறப்புச் சான்று இவ்வளவும் கேட்டார். ஒரு வருசமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பது, இந்து திருமணச் சட்டத்தில் ரெண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதற்கான 13பி பிரிவின் கட்டாயம். எங்களுக்கு ரெண்டு வருசம் தாண்டியிருந்தது.

2024 மார்ச்சில் கூட்டு மனு தாக்கலானது. அதில் கையெழுத்துப் போடும் நாள் வரைக்கும் சொந்தபந்தம் விடவில்லை. "கொழந்தைய கண்ணுலயே காட்டாதே அம்மிணி, அப்பத்தான் வழிக்கு வருவாங்க" என்று சொன்னவர்கள் என் மேல் பாசம் உள்ளவர்கள்தான். ஒரு வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா மட்டும், "அவளோட அப்பாருக்கு முட்டி நோவு. ஆத்தா கண்ணு தெரியாம இருக்குது. அவுங்க என்ன பண்ணுனாங்க?" என்று, மகளின் அப்பாவைப் பெற்றவர்களைச் சொல்லிக் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

குடும்ப நல நீதிமன்றத்தில் எங்களைக் கவுன்சலரிடம் அனுப்பினார்கள். சேர்த்து வைக்கப் பார்ப்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். சேர முடியுமா என்று தனித்தனியாகக் கேட்டார், ரெண்டு பேரும் இல்லை என்றோம். அதற்கு மேல் அந்த அம்மா வற்புறுத்தவில்லை. மனுவைப் புரட்டி, மகளைப் பற்றிய பாராவில் விரலை வைத்தார். 'பண்டிகை நாட்களில் இருவரும் கலந்து பேசி முடிவு செய்துகொள்வோம்' என்று எழுதியிருந்தது.

"கலந்து பேசற அளவுக்கு ஒத்துப்போனா இங்க ஏன் வரப்போறீங்க? ஒவ்வொரு நோம்பியா எழுதுங்க."

உட்கார்ந்து எழுதினோம். ரொம்ப நாளுக்குப் பிறகு நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே காகிதத்தைப் பார்த்தது அன்றுதான். தைப்பொங்கல் என்னோடு, மாட்டுப்பொங்கல் அன்று விடியற்காலையிலிருந்து அவர் தோட்டத்தில், பட்டிப்பொங்கல் வைத்து மாடுகளுக்கு ஊட்டும் வரைக்கும். ஆடி 18 எப்போதும் என்னோடு, ஏனென்றால் அம்மாயியோடு, அதாவது என் அம்மாவோடு, பவானி கூடுதுறைக்குப் போவது அவளுக்கு உயிர். தீபாவளி ஒற்றைப்படை வருசம் அவரிடம், இரட்டைப்படை வருசம் என்னிடம். அவர்கள் குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்கும் நாள் எந்தக் கிழமையில் வந்தாலும் அவரிடம். அதைச் சொல்லும்போது அவர் என்னைத் தயங்கிப் பார்த்தார், நான் தலையாட்டினேன். கோடை லீவில் பாதி. மாதத்தில் ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து ஞாயிறு சாயங்காலம் 6 மணி வரை.

மகளை எங்கே கைமாற்றுவது என்பதையும் கவுன்சலர் எழுத வைத்தார். வீட்டு வாசல் வேண்டாம் என்றார். வாசலில் நிற்கிற ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் சொல்ல ஒரு வார்த்தை இருக்கும், அது குழந்தை காதில் விழும். ஈரோட்டுக்கும் காங்கயத்துக்கும் நடுவில் அரச்சலூர் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு பேக்கரி. அதையே எழுதினோம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சம்பளம் வருகிறது, எனக்கென்று ஜீவனாம்சம் கேட்கவில்லை. மகளுக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்கிறோம் என்று அவர் வீட்டில் சொன்னபோது வக்கீல் அக்கா மறுத்தார். குழந்தையின் பராமரிப்பு குழந்தையின் உரிமை. அதை அம்மா விட்டுக்கொடுக்க முடியாது. மாதம் 9,000 ரூபாய், ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூடும், பள்ளிக்கூடக் கட்டணம் தனி, எல்லாம் வங்கிக் கணக்கு வழியாக. ஒத்துவராமல் வழக்கு நடக்கிறவர்களுக்கு ஒரு விசயம்: 2020-ல் ரஜ்னேஷ்–நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஜீவனாம்ச வழக்கில் ரெண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளத்தை மறைக்கிறார் என்று புலம்பிக்கொண்டிருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். பொறந்த வீட்டில் போட்ட நகையைக் கல்யாண ஆல்பத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அது பெண்ணின் சொத்துதான் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனக்குத் திரும்பி வந்தது.

முதல் மனுவுக்கும் இறுதி விசாரணைக்கும் நடுவில் சட்டப்படி ஆறு மாதம். நீண்ட நாள் பிரிந்திருந்து எல்லாம் பேசி முடித்தவர்களுக்கு அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், கேட்டுப் பார்க்கலாமா என்றார் வக்கீல் அக்கா. மகளின் அப்பாதான் வேண்டாம் என்றார். "எழுதுனது நடக்குதான்னு பாத்துக்கலாம். நடக்கலைன்னா மாத்தி எழுதலாம்." இந்த ஆறு மாதத்தில் ரெண்டு பேரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். எனக்கு அந்தப் பயம் இருந்தது. இருந்தும் ஒத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. பேக்கரியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மகள் ஒரு தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிப்மென்ட் அவசரத்தில் மறந்துவிட்டாராம். அன்று போனில் நான் பேசிய பேச்சு எனக்கே பிடிக்கவில்லை. அடுத்த வாய்தாவுக்குள் ஒரு வரி சேர்த்தோம்: வர முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை ராத்திரி 8 மணிக்குள் சொல்ல வேண்டும், மகளிடமும் அவரே பேச வேண்டும். அந்த ரெண்டாவது பாதி அவரே கேட்டுச் சேர்த்தது. ஆறு மாதத்தைத் தள்ளுபடி வாங்கியிருந்தால் அந்த வரி இருந்திருக்காது.

செப்டம்பரில் இறுதி விசாரணை. டவாலி பெயர் கூப்பிட்டதும் கை நடுங்கியது. வக்கீல் பேசிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். நீதிபதி என்னையே கேட்டார். யாராவது வற்புறுத்தினார்களா, நகை வந்துவிட்டதா, குழந்தை எங்கே படிக்கிறாள். அவரிடம், "மாட்டுப்பொங்கலுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார். நாங்கள் எழுதிக் கொடுத்த மெமோவை முழுசாகப் படித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. "போவனுங்க" என்றபோது அவர் குரல் கம்மியது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் அழுதேன். அவரும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

தீர்ப்பின் சான்றிட்ட நகல் கையோடு ரெண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ரேஷன் கார்டிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் கேட்பார்கள். மகளைப் பற்றிய ஏற்பாட்டை அவள் வளர வளர கோர்ட்டில் மனுப் போட்டு மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. அவளுக்குப் பத்து வயதானதும் அவளையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று ரெண்டு பேரும் சொல்லி வைத்திருக்கிறோம்.

மெமோவில் இருந்த நோம்பிகளை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவள் மேசைக்கு மேல் ஒட்டினேன். 2025 ஜனவரி 15, மாட்டுப்பொங்கல் அன்று இருட்டோடு எழுந்து தானே பையை எடுத்து வைத்தாள். சாயங்காலம் பேக்கரியில் இறங்கும்போது நெற்றியில் திருநீறு, பாவாடையெல்லாம் சேறு, கையில் ஒரு தூக்குப்போசி நிறையப் பொங்கல்.

"அம்மாயிக்குக் குடுக்கச் சொல்லி ஆத்தா குடுத்தாங்க. போசியத் தையிலயே திருப்பிக் கொண்டாரோணுமாமா. அடுத்த நாலாவது சனிக்கிழமை எடுத்துட்டுப் போயிருவேன்" என்றாள்.