ஆதாயக் கொலை: செயின் கிடைத்தால் வழக்கு முடிந்ததா?

தனியாக இருந்த மூதாட்டி வீட்டுக்குள் வெட்டுக்காயங்களுடன் இறந்து கிடக்கிறார். கழுத்துச் செயினும் வளையலும் இல்லை. கண்ணால் கண்ட சாட்சி யாருமில்லை. சில நாளில் ஒருவரைக் கைது செய்கிறார்கள். அவர் காட்டிய இடத்தில் செயின் கிடைக்கிறது. மறுநாள் செய்தித்தாளில் வழக்கே முடிந்துவிடுகிறது. நீதிமன்றத்தில் அது அப்போதுதான் தொடங்கும்.

சட்டப்படி பார்த்தால் செயின் சொல்வது கொஞ்சம்தான். திருடு போன பொருள் சீக்கிரத்திலேயே ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவர் கணக்குச் சொல்லாவிட்டால், அவரைத் திருடன் என்றோ திருட்டுச் சொத்தைத் தெரிந்தே வாங்கியவர் என்றோ நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 114-வது பிரிவின் முதல் எடுத்துக்காட்டு. அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 119-வது பிரிவு. அந்த வாசகத்தில் கொலை என்ற பேச்சே இல்லை. செயினிலிருந்து கொலைக்குப் போக அரசுத் தரப்பு தனியாக ஒரு பாலம் போட வேண்டும். பெரும்பாலான ஆதாயக் கொலை வழக்குகள் உடைவது அந்தப் பாலத்தில்தான்.

இந்தியாவில் இது முதல் நாளிலிருந்தே தெரிந்த சிக்கல். 1898-ல் ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். பணப்பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. அதற்குள் இருந்த வங்காளிப் பஞ்சாங்கத்தில் ரத்தக்கறை படிந்த கட்டைவிரல் ரேகை. முந்தைய ஆண்டு கல்கத்தாவில் தொடங்கிய விரல்ரேகைப் பதிவகத்தில் தேடியபோது, அந்த மேலாளரிடம் முன்பு வேலை செய்து திருட்டு வழக்கில் தண்டனை பெற்ற காங்காளி சரண் என்பவரின் ரேகையோடு அது பொருந்தியது. ரத்தத்தில் தோய்ந்த ரேகை, அதுவும் பெட்டிக்குள். இருந்தும் அவருக்குத் திருட்டுக்கு மட்டுமே தண்டனை. கொலைக் குற்றச்சாட்டில் விடுதலை. இன்றைக்கு அதே சாட்சியத்துக்கு வேறு தீர்ப்பு வந்தாலும் வரலாம். ஆனால் அந்த நீதிபதிக்கு எழுந்த தயக்கம் இன்றைய அமர்வு நீதிமன்றங்களிலும் எழுகிறது.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எல்லை எங்கே என்று புரியும். ஏ.ஐ.ஆர். என்ற தீர்ப்புத் தொகுப்பில் 1956-ல் வெளியான சன்வத் கான் வழக்கில், இறந்தவருடைய பொருள்கள் எதிரிகளிடம், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களிடம், கிடைத்தன என்பதைத் தவிர வேறு எதுவுமே இல்லை. திருட்டும் கொலையும் ஒரே நேரத்தில் நடந்தன என்று சூழ்நிலை காட்டினாலும், பொருளை வைத்திருந்தவர்தான் கொலையாளி என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். 1983-ன் ஏரபத்ரப்பா வழக்கில் நகையும் புடவைகளும் கிடைத்தது சுமார் ஒரு வருடம் கழித்து. அங்கே கொலைக் குற்றம் நின்றது. அவர் அந்த வீட்டு வேலைக்காரர், சம்பவ இரவிலேயே காணாமல் போனவர், ஒரு வருடமும் தலைமறைவு. ‘சீக்கிரத்தில்’ என்பதற்கு நாள் கணக்கு எதுவும் கிடையாது. பொருளைப் பொறுத்தது, சூழ்நிலையைப் பொறுத்தது. ரொக்கப் பணம் ஒரே நாளில் கைமாறும். பட்டுப்புடவை மாறாது.

பாலத்தின் முதல் பலகை முதல் தகவல் அறிக்கை. நகை விவரம் அதிலேயே இருக்க வேண்டும். பதற்றத்தில் மகன் “நகையைக் காணோம்” என்று மட்டும் எழுதிக் கொடுத்து, கைது முடிந்த பிறகு சாட்சி வாக்குமூலத்தில் “முறுக்குச் செயின், 5 பவுன், கொக்கி பக்கத்தில் பற்றவைத்த தடம்” என்று வந்தால், கிடைத்த நகையைப் பார்த்து விவரம் எழுதினீர்கள் என்பார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். பதில் சொல்வது கஷ்டம். புகார் எழுதும்போது அவ்வளவு நினைவு வராது என்பது நியாயம்தான். அப்படியானால் அன்றைக்கோ மறுநாளோ பீரோவைப் பார்த்துத் துணை வாக்குமூலம் கொடுத்து, அது தாமதமின்றி நடுவர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நீதிமன்ற முத்திரையில் உள்ள தேதிதான் அங்கே பேசும்.

எடையும் அப்படியே. புகாரில் 5 பவுன் என்றால் 40 கிராம். கைப்பற்றியது 36 கிராம். தேய்மானம், அறுந்துபோன ஒரு துண்டு, தாலிக்குண்டு சேர்த்தா சேர்க்காமலா என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். யாராவது ஒரு சாட்சி அதைச் சொல்லியிருக்க வேண்டும். மகஜரில், அதாவது சாட்சிகள் முன்னால் எழுதும் கைப்பற்றுதல் பத்திரத்தில், “சுமார் 5 பவுன்” என்று எழுதுவது சோம்பேறித்தனம். எடை போட்டவர் யார், எங்கே, எத்தனை கிராம் என்று எழுதினால் பாதிக் குறுக்கு விசாரணை அங்கேயே அடங்கிவிடும்.

அடையாளம் காட்டுவதில் ஒரு ஆறுதல் உண்டு. தங்கள் சொந்தப் பொருளை இனங்காணும் அபாரத் திறன் பெண்களுக்கு உண்டு என்று ஏரபத்ரப்பா தீர்ப்பே சொல்கிறது. மருமகள் கூண்டில் நின்று “இந்த இடத்தில் நெளிந்திருக்கும்” என்று தொட்டுக் காட்டினால் அது நகைக்கடை ரசீதுக்குக் குறைந்ததல்ல. உருக்கிவிட்டால் இந்த வழி அடைபடும். தங்கக் கட்டிக்கு முகம் கிடையாது. பிறகு மிஞ்சுவது அடகுக் கடைக்காரரின் கணக்குதான். தமிழ்நாட்டில் 1943-ஆம் ஆண்டு அடகு பிடிப்போர் சட்டப்படி அவர் பதிவேடு வைக்க வேண்டும், அடகுச் சீட்டு கொடுக்க வேண்டும். பதிவேட்டிலுள்ள கையெழுத்தை நிபுணர் ஒப்பிட்டாரா என்பதை முதலில் பாருங்கள். சீட்டைக் கைப்பற்றிவிட்டுப் பதிவேட்டை விட்டுவிட்ட வழக்குகளும் உண்டு.

இனி அந்தப் புகழ்பெற்ற வாக்குமூலம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. அதிலிருந்து ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு, இப்போது சாட்சிய அதினியத்தில் 23-வது பிரிவின் காப்புரை, அதாவது விதிவிலக்கு வாசகம். “கிழவியை வெட்டிவிட்டு எடுத்த செயினை மாட்டுக் கொட்டகையில் தொட்டிக்கு அடியில் புதைத்திருக்கிறேன், கூட்டிப்போனால் எடுத்துக் கொடுக்கிறேன்” என்று எழுதியிருந்தால், “வெட்டிவிட்டு எடுத்த” போய்விடும். புதைத்ததும் எடுத்துக் கொடுப்பதும்தான் நிற்கும். ஏ.ஐ.ஆர். 1947-ல் வெளியான சென்னை மாகாணத்து புலுகுரி கோட்டயா வழக்கில், அன்றைக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வகுத்த கோடு இது: கண்டுபிடிக்கப்பட்ட சங்கதி என்பது பொருள் மட்டுமல்ல, அது இருந்த இடமும் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பதும்.

இந்தக் கட்டம் சறுக்கும் விதங்கள் பல. முதல் எதிரி இடத்தைச் சொல்லிவிட்ட பிறகு இரண்டாம் எதிரியும் அதே இடத்தைச் சொன்னதாக எழுதினால், இரண்டாவது வாக்குமூலத்தால் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய புறம்போக்கு முள்காட்டில் கிடைத்தால், அவர் மட்டுமே அறிந்த இடமா என்ற கேள்வி வரும். எல்லாவற்றையும் விடப் பெரிய அடி கைது நேரத்தில்தான். மகஜரில் வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்குக் கைது. எதிரியின் அண்டை வீட்டுக்காரரோ, அரசுத் தரப்பு சாட்சியே கூடவோ, “புதன்கிழமையே ஸ்டேஷனில் பார்த்தேன்” என்று சொல்லிவிட்டால் வாக்குமூலமும் கைப்பற்றுதலும் சேர்ந்தே ஆட்டம் காணும். மகஜர் சாட்சியாகக் கிராம நிர்வாக அலுவலரையும் அவர் உதவியாளரையும் போடுவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் பிறழ் சாட்சி ஆக மாட்டார்கள் என்ற வசதிதான் காரணம். கைப்பற்றுதலை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு சொல்வதால், தோண்டும் முன்பே மண் கிளறப்பட்டிருந்ததா என்பதை இனி திரையில் பார்க்கலாம்.

நகைக்கு வெளியே கொலையோடு கட்டும் கயிறுகள் கடைசியாகப் பார்த்த சாட்சியமும் ரத்தமும். “மாலை 5 மணிக்கு அவர் அந்த வீட்டுக்குள் போனதைப் பார்த்தேன்” என்பதற்கு மதிப்பு, இறந்த நேரம் அதை ஒட்டி வந்தால்தான். பிரேதப் பரிசோதனை மருத்துவர் பெரும்பாலும் “12 முதல் 24 மணி நேரத்துக்கு முன்” என்று அகலமாகத்தான் எழுதுவார். அந்த 12 மணி நேர இடைவெளிக்குள் பால்காரர் வந்தார், பக்கத்து வீட்டம்மா பேசினார் என்றால் கயிறு தளரும். அரிவாளில் மனித ரத்தம், எந்த ரத்தப் பிரிவு என்று தெரியவில்லை என்று ஆய்வக அறிக்கை வந்தால் அதில் தொங்கிக்கொண்டு கொலைக்குப் போவது ஆபத்து. சிசிடிவி பதிவு இருந்தால் சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் இரண்டு பாகமாகவும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடும் வேண்டும். அதில்லாமல் பென்டிரைவைச் சான்றுப் பொருளாக்கிப் பயனில்லை.

கொள்ளைக் குற்றச்சாட்டிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. திருடுவதற்காக, அல்லது திருடியதைக் கொண்டுபோவதற்காக வன்முறையோ உடனடி மிரட்டலோ நடந்தால்தான் அது கொள்ளை. வேறு தகராறில் அடித்துக் கொன்றுவிட்டு, போகும்போது செயினைக் கழற்றினால் அது கொலையும் தனியான சொத்துக் குற்றமும். இறந்தவர் உடைமையை அபகரிப்பதற்கென்றே பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 404, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 315 பிரிவு இருக்கிறது. ஆகவே நோக்கத்துக்கான சாட்சியம், அதாவது எதிரியின் கடன், அடகு, சம்பவத்துக்கு முந்தைய பணத்தேவை எல்லாம், கொலைக்கு மட்டுமில்லாமல் கொள்ளைக்கும் தேவைப்படுகிறது.

சூழ்நிலைச் சாட்சியத்தை எடைபோட 1984-ன் சரத் பிர்திசந்த் சர்தா தீர்ப்பு வகுத்த ஐந்து விதிகளை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: எதிரியிடம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313-வது பிரிவின் கீழ், இப்போது சுரக்ஷா சன்ஹிதாவின் 351-ன் கீழ், நீதிமன்றம் கேள்வியாக வைக்கப்படாத சூழ்நிலையை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. 20 சாட்சிகளின் வாக்குமூலத்தையும் சேர்த்து ஒரே நீளக் கேள்வியாகக் கேட்டு “பொய்” என்று பதில் வாங்கி வைத்திருந்தால், மேல்முறையீட்டில் அதுவே முதல் வாதமாக வரும். செயின் எப்படி உங்களிடம் வந்தது என்பது தனிக் கேள்வியாக இருக்க வேண்டும். அவர் பொய்யான விளக்கம் சொன்னாலும் சாட்சியச் சங்கிலியில் விட்டுப்போன கண்ணியை அது நிரப்பாது. மற்ற கண்ணிகள் எல்லாம் பொருந்திய பிறகு கூடுதல் பலம் தரும், அவ்வளவே.

கடைசியாக, செயினைத் திரும்பப் பெறுவது. விசாரணை முடியும்வரை அது காவல் நிலையத்தில் கிடக்க வேண்டியதில்லை. 2002-ன் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் தீர்ப்புக்குப் பிறகு, விரிவான மகஜர், புகைப்படம், பிணைப்பத்திரம் ஆகியவற்றோடு குடும்பத்தார் இடைக்காலமாக வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய பிறகு பாலிஷ் போடவோ, கொக்கி மாற்றவோ, அழித்து வளையல் செய்யவோ கூடாது. மருமகள் கூண்டில் ஏறும் நாளில் அந்தச் செயின் அதே நெளிவோடு மேஜைமேல் இருக்க வேண்டும்.